பின் சீட்டிலிருந்து ஒரு குரல்

இன்று இரண்டு காதுகளிலும் புதுக் காது கேட்கும் கருவிகளோடு ஈப்போவில் பஸ் ஏறினேன்.

கருவியைக் கொடுத்த கடைக்காரர் சொல்லியிருந்தார்: "சாயங்காலம் வரைக்கும் போட்டுப் பாருங்க தம்பி. சரியா வரலேன்னா பழசையே வச்சுக்குங்க."

பழசு என்றால் சட்டைப்பையில் கிடக்கும் பெட்டி. மைக் அதில்தான்; அதிலிருந்து ஒற்றை வயர் ஒரு காதுக்குப் போகும். எனக்குக் காது மிகவும் மந்தம். காதுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும் இந்தச் சின்னப் பொருள் போதுமா என்று பயம்.

கண்டக்டர் வந்தார். ஏழு வருடப் பழக்கம். குனிந்து, காலியாக இருந்த என் சட்டைப்பையிடம் கத்தினார்: "தம்பி, புந்தோங்ல தானே இறங்கணும்?"

"அண்ணே, அங்க யாரும் இல்ல. இனிமே இங்க பேசுங்க." காதைக் காட்டினேன்.

"அடடே, சொல்ல வேணாமா லா! பாக்கெட்டப் பாத்தே பழகிப் போச்சு."

அவர் நகர்ந்ததும் பின் சீட்டிலிருந்து ஒரு குரல். தினமும் இதே பஸ்ஸில் வரும் ஓர் அக்கா, எனக்கு எட்டாது என்ற பழைய நம்பிக்கையில், தோழியிடம் தாராளமாகப் பேசிக்கொண்டிருந்தார்.

"பையன் லட்சணமாத்தான் இருக்கான். அந்த முடியத்தான் வெட்ட மாட்டேங்குறான்."

பழைய பெட்டிக்குத் திசை தெரியாது. யார் பேசினாலும் என் நெஞ்சிலிருந்து வருவது போலிருக்கும். இந்தக் குரல் பின்னாலிருந்து வந்தது. சரியாக அந்தப் பக்கமே திரும்பினேன்.

"நாளைக்கே வெட்டிர்றேன் அக்கா."

"ஐயோ, கேட்டுருச்சா!" அக்கா வாயைப் பொத்திக்கொண்டார். பஸ்ஸே சிரித்தது. எந்தெந்தப் பக்கமிருந்து என்றுகூட என்னால் சொல்ல முடியும்.

சாயங்காலம் கடைக்குப் போய், புதுசையே வைத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

பஸ்ஸில் கூட வருபவர்களே, ஏழு வருடமாக என் முதுகுக்குப் பின்னால் நீங்கள் எல்லாம் என்னென்ன பேசினீர்கள்? நீங்களாகவே சொல்லிவிடுங்கள். முடி விஷயம் மட்டும் வேண்டாம், அது வந்து சேர்ந்துவிட்டது.