கலைக்களஞ்சியத்தில் ஆரணி அரிசி

எழுபதுகளின் கடைசியில் ஆரணியில் ஒரு ரைஸ்மில் களத்தில் வேலை செய்தேன். அவித்த நெல்லைப் பரப்பி, காலால் கோடு போட்டுக் காயவைக்கிற வேலை. ஐந்தாவது வரை படித்தவள், கூச்சக்காரி.

அங்கே ஒரு காலேஜ் வாத்தியார் வந்தார். கலைக்களஞ்சியம் என்று பெரிய புத்தகம் போடுகிறார்களாம். அதில் ஆரணி அரிசியைப் பற்றிய கட்டுரை அவர் பொறுப்பு. மெட்ராஸ்காரர்கள் ஊர்ப்பேர் சொல்லி வாங்குகிற அந்த அரிசியில் எத்தனை ரகம், எப்படி அவிப்பது என்று எல்லாம் வரவேண்டும். முதலாளி என்னைக் கைகாட்டிவிட்டார். மூன்று மாதம், ஞாயிறு தவறாமல் வந்தார். போளூர் நெல் எவ்வளவு நேரம் ஊறவேண்டும், தேவிகாபுரத்து நெல் எந்த வெயிலில் வெடிக்கும், எல்லாம் நான் சொல்ல அவர் எழுதினார். மாதிரி அரிசியைப் பொட்டலம் கட்டிக் கொடுத்ததும் நான்தான்.

தகவல் சொன்னவர்களின் பெயர்கள் கட்டுரைக்குக் கீழே வரும் என்றார். எனக்கு ஆசை வந்துவிட்டது. ஒரு வாரம் மனசுக்குள் சொல்லிப் பார்த்துவிட்டுக் கேட்டேன்.

"என் பேரும் வருமா சார்?"

அவர் முதலாளி பக்கம் திரும்பினார். "பாருங்க, நெல்லு மிதிக்கிறதுக்கு புக்ல பேரு வேணுமாம்."

"போட்டோவும் சேத்துப் போடுங்க சார்," என்றார் முதலாளி. "நாளையிலேர்ந்து பவுடர் பூசிகினு வரும்."

களத்துப் பெண்கள்கூடச் சிரித்தார்கள். நான் திரும்பிப் போய் நெல்லில் கோடு போட்டேன்.

அடுத்த ஞாயிறு வாத்தியார் பொட்டலங்களைப் பிரித்து ரகம் எழுதினார். வெள்ளையாக இருந்தது ஒரு ரகம், பழுப்பேறியது வேறு ரகம் என்று எழுதிக்கொண்டார். இரண்டும் ஒரே நெல். ஒன்று ஒரு தரம் அவித்தது, மற்றது இரண்டு தரம் அவித்தது.

"சரிதானேம்மா?"

தலையைக் குனிந்துகொண்டேன். கூச்சத்தில் ஆமாம் என்கிறாள் என்று எடுத்துக்கொண்டார்.

இரண்டு வருஷம் கழித்துப் புத்தகம் வந்தது. மில்லுக்குக் கொண்டுவந்து, பொட்டலங்களையும் விரித்துவைத்து, வியாபாரிகள் நடுவில் படித்துக் காட்டினார். தகவல் தந்தவர் என்று முதலாளியின் பெயர் மட்டும் இருந்தது. போளூர் வியாபாரி ஒருவர் இரண்டு பொட்டலத்திலும் ஒவ்வொரு மணி எடுத்துக் கடித்தார்.

"இன்னா சார், ஒரே நெல்லைப் போயி ரெண்டாக்கி வெச்சிகிறீங்க? இது ரெண்டு அவியலு. எங்க ஊட்டு மாட்டைக் கேட்டாகூடச் சொல்லும்."

சிரிப்பு அடங்க நேரமாயிற்று. வாத்தியார் நேராக என்னிடம் வந்தார்.

"உனக்குத் தெரியாதாம்மா?"

"தெரியும் சார்."

அவர் கழுத்தெல்லாம் வியர்த்திருந்தது. பார்க்க நன்றாக இருந்தது. அடுத்த பதிப்பில் திருத்தலாம், உன் பெயரையும் போட்டுவிடுகிறேன் என்று கெஞ்சினார்.

"இன்னும் எங்கெங்க தப்பு இருக்கு, சொல்லும்மா."

அந்த ஒன்றைத் தவிர வேறு தப்பே கிடையாது.

"நெறைய இருக்குது சார்," என்றேன். எவை என்று சொல்லவில்லை. அதற்கப்புறம் அவர் செய்யாறு வரைக்கும் மில் மில்லாகப் போய் வரிக்கு வரி விசாரித்துக்கொண்டு திரிந்தாராம். திரியட்டும்.