மினுங்காத வெள்ளை

கிள்ளானில் தனியாக இருக்கும் என் தங்கைக்குப் பார்வை ஓரங்களிலிருந்து சுருங்கி வருகிறது. என்னோடு வந்து இருந்துவிடு என்றேன். வந்து பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றாள்.

பிரிக்ஃபீல்ட்ஸில் என் வீடு ஏழாம் மாடி. எதிர்க் கட்டடம் பகலை மறைத்து நிற்கும். என்னைத் தவிர ஆளில்லாத வருடங்களில் அந்த இருட்டு எனக்கு உறைத்ததில்லை. அவள் வரப்போகிறாள் என்றதும் உறைத்தது. பளபளப்பதுதான் வெளிச்சம் என்று நம்பி, சுவர், கதவு எல்லாவற்றுக்கும் பளபளப்பு வெள்ளை அடித்தேன். தரைக்குக் கண்ணாடி போன்ற வெள்ளை டைல்ஸ்.

வந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். செருப்பைக் கழற்றிய கால் உள்ளே வரவில்லை.

“தண்ணி ஊத்தி வச்சிருக்கியா அண்ணே?”

தரை காய்ந்துதான் கிடந்தது. விளக்கு அதில் விழுந்து குளம் கட்டியிருந்தது. வெள்ளைச் சுவரில் வெள்ளைக் கதவு எங்கே என்று தெரியாமல், குளியலறைக்குப் போக உள்ளங்கையால் தடவிக்கொண்டே நின்றாள். கண் கூசுகிறது என்று சாயங்காலமே ரயிலேறிவிட்டாள்.

மறுநாள், பெயிண்ட் வாங்கிய சாயக்கடையில், இதைவிட வெள்ளை இருக்கிறதா என்று கேட்டேன். கல்லாவில் இருந்த அக்கா கதையைக் கேட்டுவிட்டு இரண்டு மாதிரி அட்டைகளை எடுத்துப் போட்டார். ஒன்று மினுங்கியது. மற்றது சுண்ணாம்பு போல அடங்கியிருந்தது.

“பின்னால நம்பரப் பாருங்கண்ணே, ரெண்டும் ஒன்னுதான். விழுற வெளிச்சத்த ரெண்டும் அதே அளவுதான் திருப்பிக் கொடுக்கும். மினுக்குறது ஒரே பக்கமா மூஞ்சில அடிக்கும், மத்தது எல்லாப் பக்கமும் பரப்பும். கதவுக்கு மட்டும் அடர்த்தியா ஏதாவது அடிங்க லா. சுவர் வேற, கதவு வேறன்னு தெரியணும்ல.”

சுவரெல்லாம் உப்புத்தாளால் தேய்த்தேன். வெள்ளைத் தூள் நாள்கணக்கில் என் சோற்றிலும் விழுந்தது. மினுங்காத வெள்ளை அடித்தேன், கதவுகளுக்குக் காப்பி நிறம். டைல்ஸ்மேல் பளபளப்பில்லாத விரிப்பு ஒட்டினேன். விளக்குகள் அதேதான். ஆனால் வீட்டுக்குள் மேகமூட்டப் பகல்போல எங்கும் ஒரே சீரான வெளிச்சம்.

அடுத்த மாதம் வந்தாள். நான் கையைப் பிடிக்கவில்லை. கூடத்தைக் கடந்து நேரே நடந்து காப்பி நிறக் கதவின் பிடியில் கை வைத்தாள். அப்போதுதான் மூச்சு விட்டேன்.

தேநீர் குடித்தபடி, வீடு நன்றாக இருக்கிறது என்றாள். பிறகு கோப்பையைக் கீழே வைத்தாள்.

“இங்க வெளிச்சம் தெரியுற வரைக்கும் எனக்கு வழி தெரியும் அண்ணே. அங்க கிள்ளான் வீட்டுல கண்ண மூடிக்கிட்டே நடப்பேன். எனக்கு வரப்போறது அதுதானே.”

ரயில் நிலையம்வரை போய் ஏற்றிவிட்டேன்.

திரும்பி வந்து விளக்குகளைப் போட்டேன். பளபளப்பு அடித்திருந்த நாள்களில் நான் நடந்தால் சுவரில் மங்கலாக இன்னொருவர் கூடவே நடப்பார். இப்போது சமையலறைவரை நடந்து பார்த்தேன். யாருமில்லை.