தம்பி சக்கரம், அண்ணன் சக்கரம்

1. "கம்மியா கீது"

குமணன்சாவடியில் மெட்ரோ வேலைக்காகத் தகரம் அடித்து மறைத்திருக்கும் இடத்தைத் தாண்டினால் என் ஷெட். ஓர் ஆடி மாதம், வெள்ளிக்கிழமை காலை, பழைய ஜீப் ஒன்று உள்ளே நுழைந்தது. நிற்க வேண்டிய இடத்தில் நிற்கவில்லை. நான் ஓரமாக அடுக்கி வைத்திருந்த டயர்களின் மேல் போய்ச் சாய்ந்துகொண்டது. ஓட்டி வந்தவர் ஒன்றுமே நடக்காதது போல இறங்கி வேட்டியை மடித்துக் கட்டினார்.

"பிரேக் கொஞ்சம் கம்மியா கீது மாஸ்டர்."

ஏறி உட்கார்ந்து மிதித்துப் பார்த்தேன். பெடல் நேராகத் தரையைத் தொட்டது. கம்மி என்று சொல்ல வேண்டுமானால் கொஞ்சமாவது இருக்க வேண்டாமா? குத்தம்பாக்கத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து வெறும் கியரையும் ஹேண்ட் பிரேக்கையும் நம்பி வந்திருக்கிறார். எனக்கு வந்த கோபத்தில் நல்லதாக நாலு வார்த்தை கேட்டிருப்பேன். அதற்குள் வாசலில் ஒரு பைக் வந்து நின்றது. அதில் வந்தவர் முகம் அச்சாக இவர் முகம். ஆனால் உள்ளே வரவில்லை. ஜீப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், இவரை மட்டும் பார்க்கவில்லை.

ஜீப்பில் வந்தவர் அண்ணன் தணிகாசலம். நிலத்தை லாரி நிறுத்த வாடகைக்கு விட்டிருக்கிறார். பைக்கில் வந்தவர் தம்பி ஏழுமலை, அம்பத்தூரில் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர். பாகப்பிரிவினைக்குப் பிறகு, வருஷக்கணக்காக இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது.

நிலத்தைப் பிரித்தாயிற்று, வீட்டைப் பிரித்தாயிற்று. ஜீப்பைப் பிரிக்க முடியவில்லை. கிணற்றுத் தண்ணீருக்கு முறை வைப்பது போல ஊர்ப் பெரியவர்கள் இதற்கும் ஒரு முறை வைத்திருக்கிறார்கள். ஒரு மாதம் அண்ணன் ஓட்டலாம், மறு மாதம் தம்பி. ரிப்பேர் வந்தால் வலது பக்கம் அண்ணன் பொறுப்பு, இடது பக்கம் தம்பி பொறுப்பு. இன்ஜின் நடுவில் இருப்பதால் அதைப் பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் ஊர் கங்கையம்மன் ஊர்வலம். அம்மன் வண்டியை இழுப்பது இந்த ஜீப்தான். தாத்தா காலத்திலிருந்து இந்த வீட்டுக்கு இருக்கும் உரிமை அது. பக்கத்துத் தெருக்காரர் ஒருவர் டிராக்டரைக் கழுவித் துடைத்துத் தயாராக வைத்திருக்கிறாராம். ஒரு வருஷம் ஜீப் வராமல் போனால் உரிமை கை மாறிவிடும், பிறகு திரும்பாது. இதை அண்ணன் என் வலது காதில் சொன்னார். அவர் டீ குடிக்கப் போனதும் தம்பி உள்ளே வந்து அதையே இடது காதில் சொன்னார்.

2. நாலு சக்கரமும் ஒரே வண்டி

டிரம் பிரேக் பெடல் கீழே போனால் இரண்டு காரணம் இருக்கலாம். இரண்டு மூன்று முறை பம்ப் செய்ததும் பெடல் மேலே வந்து கல்லு மாதிரி நின்றால் உள்ளே விரியும் ஷூவுக்கும் சக்கரத்தோடு சுற்றும் டிரம்முக்கும் நடுவில் கேப் அதிகம், அட்ஜஸ்ட் செய்தால் போதும். மேலே வந்தும் இட்லி மாதிரி அமுங்கினால் ஆயில் போகும் லைனில் காற்று. இந்த ஜீப் இரண்டையும் வைத்திருந்தது.

டிரம்களைக் கழற்றினேன். வலது பக்கம் இரண்டிலும் ஷூ மேல் புத்தம் புது லைனிங். இடது பக்கம் இரண்டிலும் தேய்ந்து ரிவெட் தெரிந்தது. போதாக்குறைக்கு இடது பின் சக்கரத்தில் ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டர் ஒழுகி, லைனிங் பிரேக் ஆயிலில் ஊறிக் கிடந்தது. அண்ணன் தன் பக்கத்துக்கு மட்டும் செலவு செய்திருக்கிறார். பிரேக் இருந்த காலத்தில் மிதித்தால் வண்டி வலது பக்கம் இழுத்ததா என்று தம்பியிடம் கேட்டேன்.

"ஆமா மாஸ்டர். அவரு பக்கமே இழுக்கும். எல்லா விசயத்துலயும் அப்டிதான்."

நாலு சக்கரத்துக்கும் ஒரே லைனிங் போட்டால்தான் வேலையைத் தொடுவேன், இல்லையென்றால் டிராக்டர்காரருக்கு நானே போன் செய்கிறேன் என்றேன். இருவரும் தனித்தனியாகச் சம்மதித்தார்கள். மறுநாள் மாலைக்குள் ஷூ மாற்றி, எல்லா சிலிண்டருக்கும் புது ரப்பர் கிட் போட்டு, கேப் அட்ஜஸ்ட் செய்து முடித்தேன். மிச்சம் இருந்தது ப்ளீடிங் மட்டும்.

3. முதல் மரியாதை

ப்ளீடிங் என்றால் லைனில் இருக்கும் காற்றை வெளியேற்றுவது. ஒருவர் பெடலை மூன்று முறை மிதித்து அழுத்திப் பிடிக்க வேண்டும். இன்னொருவர் சக்கரத்துக்குப் பின்னால் இருக்கும் சின்னத் திருகை, நிப்பிளை, திறக்க வேண்டும். அதில் மாட்டிய டியூப் வழியாகப் பாட்டிலுக்குள் ஆயிலோடு குமிழ் குமிழாகக் காற்று வெளியே வரும். நிப்பிளை மூடிய பிறகுதான் காலை எடுக்கலாம். முன்னாலேயே எடுத்தால் போன காற்று திரும்பி வந்துவிடும்.

என் ஷெட்டில் வேலை செய்கிறவர் சொந்த ஊர் ஆடித் திருவிழாவுக்குப் போயிருந்தார். ஆகவே பெடலுக்கு அண்ணன். பெடலுக்குக் கீழே ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரத்தில் இருக்கும் சக்கரத்தில்தான் ஆரம்பிக்க வேண்டும். அது இடது பின் சக்கரம், அதாவது தம்பி சக்கரம். தணிகாசலம் பெடலிலிருந்து காலை எடுத்துவிட்டார். மூத்தவன் நான் இருக்கும்போது அவன் சக்கரத்துக்கு எப்படி முதல் மரியாதை கொடுக்கலாம் என்பது அவர் கேள்வி.

அரை மணி நேரம் ஆயில் போகும் பாதையைப் படம் போட்டு விளக்கினேன். தலையை ஆட்டினார், கால் மட்டும் பெடலுக்குப் போகவில்லை. கடைசியில், ஊர்வலத்தில் அம்மன் முதலில் வருகிறதா கடைசியில் வருகிறதா என்று கேட்டேன். முதலில் மேளக்காரர்தான் போவார், அம்மன் கடைசியில்தான் வரும் என்றார். உங்கள் முன் சக்கரமும் கடைசியில்தான் வருகிறது என்றேன். முகம் மலர்ந்து காலைப் பெடலில் வைத்தார். மேளக்காரர் என்று தன் சக்கரத்தைச் சொன்னது ஓரமாக நின்ற தம்பிக்குப் புரிந்திருக்கும். ஆனால் அவர் அண்ணனிடம் பேசுவதில்லையே.

4. காலடியில் ஒரு வேலை

இன்னொரு சிக்கல் பாக்கி இருந்தது. இந்தப் பழைய ஜீப்பில் ஆயில் ஊற்றும் மூடி டிரைவரின் காலடியில், தரைத் தகட்டுக்குக் கீழே இருக்கும். ப்ளீட் செய்யச் செய்ய ஆயில் குறையும். ஒருவர் அங்கேயே குனிந்து டார்ச் அடித்துப் பார்த்து ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். காலி ஆகிவிட்டால் காற்று உள்ளே போய் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான். நான் வண்டிக்கு அடியில். மிச்சம் இருந்தது ஏழுமலை.

ஏழுமலை ஆயில் டப்பாவோடு, முகத்தை வெளியே திருப்பிக்கொண்டு, அண்ணன் காலடியில் உட்கார்ந்தார். மூடிக்கு நேர் மேலே அண்ணன் கால். ஊற்ற வேண்டுமானால் காலை எடுக்கச் சொல்ல வேண்டும். சொல்ல வேண்டுமானால் பேச வேண்டும்.

"மாஸ்டர், அவர காலு எடுக்கச் சொல்லுங்க. ஆயில் கொறஞ்சிகினே கீது," என்றார் தம்பி, என் பக்கம் குனிந்து.

நான் அடியிலிருந்து அதை அண்ணனுக்குச் சொல்லி, அவர் அதை யோசித்து, காலை எடுப்பதற்குள் ஆயில் தீர்ந்துவிட்டது. மறுபடி முதலிலிருந்து. இரண்டாவது தடவையும் அதே கதை. நிப்பிள் ஸ்பேனரைத் தூக்கி வெளியே எறிந்துவிட்டு, வாயைத் திறந்து பேசுங்கள், இல்லையென்றால் வண்டியை எடுத்துக்கொண்டு போங்கள் என்று கத்தினேன். எறிந்த ஸ்பேனரை நானே போய் எடுத்து வர வேண்டியிருந்தது.

மூன்றாவது தடவை தம்பி ஒரு வழி கண்டுபிடித்தார். ஆயில் குறைந்ததும் அண்ணனின் பாதத்தை விரலால் தொட்டார். காலை எடு என்று சைகை.

அண்ணன் குனிந்து பார்த்தார். அவர் குரல் தழுதழுத்தது. "பாத்தியா மாஸ்டர், எந்தம்பி கால்ல வுயுந்துட்டான்."

"யாரு? யாரு உன் கால்ல வுயுந்தது?" தம்பி தலையைத் தூக்கியதில் ஸ்டீயரிங்கில் டங்கென்று இடித்துக்கொண்டார். "கால எடு, ஆயில் ஊத்தணும்."

அவ்வளவுதான். இத்தனை வருஷம் அடைபட்டுக் கிடந்தது எல்லாம் பீறிட்டுக்கொண்டு வெளியே வந்தது. வரப்புத் தகராறு, தென்னை மரம், கிணற்று மோட்டார், அம்மாவின் பித்தளை அண்டா. அண்ணன் ஒவ்வொரு குற்றச்சாட்டுக்கும் பெடலை மூன்று முறை ஓங்கி மிதித்தார். பிறகு அழுத்திப் பிடித்தபடி தம்பியின் பதிலுக்குக் காத்திருந்தார். தம்பி பதில் சொல்லி முடிப்பதற்குள் நான் நிப்பிளைத் திறந்து, காற்றை விட்டு, மூடிவிடுவேன். தம்பி, "மொதல்ல கால எடு" என்று சொல்லி ஆயிலை ஊற்றிவிட்டு அடுத்ததை ஆரம்பிப்பார். இவ்வளவு ஒழுங்காக ப்ளீடிங் நடந்து நான் பார்த்ததில்லை. இடது பின், வலது பின், இடது முன் மூன்றும் முடிந்தன.

அங்கே வந்து நின்றுவிட்டது.

"என் ஊட்டு கிரகப்பிரவேசத்துக்கு நீ இன்னாத்துக்கு வரல?" என்று தம்பி கேட்டிருந்தார்.

"பத்திரிகைய நீ குடுத்தியாடா? யார்கிட்டயோ குடுத்தனுப்புன. தட்டு எடுத்துகினு நீயே வருவன்னு புதுச் சட்ட போட்டுகினு வாசல்லயே குந்திகினு இருந்தேன்."

தம்பி ஆயில் டப்பாவின் மூடியைத் திருகித் திருகி மூடினார். அண்ணன் பெடலிலிருந்து காலை எடுத்துவிட்டு வேட்டியைச் சரிசெய்துகொண்டார். ஆனால் வலது முன் சக்கரம் பாக்கி. இந்த நிலைமையில் பெடலை அமுக்கு என்று யாரிடம் சொல்வது? அந்தக் கிணற்று மோட்டார் கடைசியில் யாருக்குப் போனது என்று அடியிலிருந்து கேட்டேன்.

அண்ணன் கால் மறுபடி பெடலை ஓங்கி மிதித்தது, நாலாவது சக்கரமும் முடிந்தது. பெடல் பாதியிலேயே கல்லு மாதிரி நின்றது.

5. ஏரிக்கரை இறக்கம்

ஞாயிற்றுக்கிழமை நான் அவர்கள் ஊருக்குப் போனேன். பக்தி ஒரு பக்கம் இருக்கட்டும், பயம்தான் காரணம். ஊர்வலம் ஏரிக்கரையிலிருந்து இறங்கும் இடம் நல்ல சரிவு. பின்னால் அம்மன் வண்டி, அதைச் சுற்றிப் பிள்ளைகள்.

அண்ணன் ஓட்டினார். பாதி வண்டி தன்னுடையது என்று தம்பி பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். பாதி இறக்கத்தில், அம்மனைப் படம் எடுக்க, புதிதாக வந்திருக்கும் அடுக்குமாடிக்காரர் ஒருவர் போனைத் தூக்கிக்கொண்டு நேராக ஜீப்புக்கு முன்னால் வந்து நின்றார். அவருக்கு அம்மன் தெரிந்தது, ஜீப் தெரியவில்லை.

"மிதி, மிதி," என்று தம்பி கத்த, அண்ணன் மிதித்தார். ஜீப் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ இழுக்காமல் நேராக நின்றது. அம்மன் கழுத்து மாலை ஓர் ஆட்டம் ஆடி அடங்கியது. டிராக்டர்காரர் கும்பலில் நின்று பார்த்துவிட்டு, கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

மிதித்தது தாமதமா இல்லையா என்று ஜீப்புக்குள் சண்டை ஆரம்பித்தது. மேளக்காரர் அடிப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டார். அம்மனும் காத்திருந்தது.

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். டியூப், பாட்டில், ஸ்பேனர் எல்லாம் எங்கேயும் கிடைக்கும். பெடலில் இருப்பவரும் ஆயில் ஊற்றுபவரும் ஒருவருக்கொருவர் பேசுகிறவர்களா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். நல்லபடியாகப் பேச வேண்டும் என்பதில்லை. சண்டை போட்டால் இன்னும் சீக்கிரம் முடியும்.