அரசன் பக்கம் ஒன்பது பேர்

அரசன் பக்கம் ரஹாயுவின் தலையில் விழுந்தது ஹொம்பிம்பா என்ற கைபோடும் விளையாட்டில். ஜாவாத் தீவின் யோக்யகார்த்தாவில் ஒரு வாடகை வீட்டில் இருபது பேர் கூடிக் கணினி விளையாட்டு செய்யும் சின்னக் கம்பெனி அது. 'ஏழாற்று நாடு' என்று ஒரு கற்பனை ராஜ்ஜியம், அதற்குள் ஓர் உள்நாட்டுப் போர். ஒரு பக்கம் கிழட்டு அரசன், மறுபக்கம் அவனை எதிர்த்து மலையேறிய ஜனங்கள். ஆடுகிறவர் ஊர் ஊராகச் சுற்றி இரண்டு தரப்பு நியாயத்தையும் கேட்டுவிட்டுக் கடைசியில் ஒரு பக்கம் சேர வேண்டும். யார் எந்தப் பக்கத்தை எழுதுவது என்று தீர்மானிக்க, எருமை மாதிரி வளர்ந்தவர்கள் எல்லாம் சின்னப் பிள்ளைகளாட்டம் வட்டமாக நின்று கையைத் திருப்பிப் போட்டார்கள். மலைப் பக்கம் இன்னோர் எழுத்தாளன் டானாங்குக்குப் போயிற்று. அவனுக்கு வயது இருபத்தெட்டு, வாய் அதைவிடப் பெரிது.

"ராணியம்மா, இனிமே உங்க முன்னாடி நான் தரையிலதான் உக்காரணுமா?" என்றான்.

"உக்காரு. அங்கதான் உனக்கு லாயக்கு" என்றாள் ரஹாயு. சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். உள்ளுக்குள் எரிச்சல்.

எரிச்சல் வராமல் என்ன செய்யும்? ரஹாயுவுக்கு நாற்பத்தாறு வயது. பல வருடம் வானொலிக்கு நாடகம் எழுதியவள். கல்யாணம் செய்து பார்த்தாள், சரிப்படவில்லை, விட்டுவிட்டாள். ஆனால் அவளைப் பற்றிச் சொல்ல ஒரே ஒரு விஷயம்தான் இருக்கிறது என்றால், 1998இல் முப்பது வருடச் சர்வாதிகார ஆட்சியைக் கவிழ்க்கத் தெருவில் இறங்கிய மாணவிகளில் அவளும் ஒருத்தி என்பதைத்தான் சொல்ல வேண்டும். தோளில் பிரம்படி பட்டது. மழைக்காலத்தில் இன்னமும் வலிக்கும். அப்பேர்ப்பட்டவளிடம் போய் அரசனுக்காகப் பேசு என்றால் என்ன எழுதுவாள்? மந்திரிகளைத் தின்னிப்பண்டாரங்களாக எழுதினாள். சிப்பாய்களை மிருகங்களாக எழுதினாள். மூன்று மாதம் நிம்மதியாக எழுதினாள்.

வெளியாட்கள் முப்பது பேரை வரவழைத்து ஆடவிட்டார்கள். இருபத்தெட்டுப் பேர் மலையேறிவிட்டார்கள். அரசன் பக்கம் போன இருவரில் ஒருவன் தவறான பொத்தானை அழுத்தியவன். இன்னொருத்திக்குக் கவசத்தின் நிறம் பிடித்திருந்ததாம்.

முதலாளி பிமோ அவளைக் கூப்பிட்டான். நல்ல பையன், ஆனால் வெட்டு ஒன்று துண்டு இரண்டு.

"அக்கா, ஒரு பக்கம் மணக்குது, ஒரு பக்கம் நாறுது. இதுல ஆடறவன் யோசிக்க என்ன இருக்கு?"

"அவங்க அப்படித்தானே பிமோ இருப்பாங்க?"

"அப்ப எதுக்கு அக்கா ரெண்டு பக்கம்? இன்னும் ரெண்டு வாரத்துல மறுபடி சோதனை வைக்கறேன். முப்பதுல பத்து பேராவது அரசன் பக்கம் போகணும். இல்லைன்னா அந்தப் பக்கத்தையே வெட்டிடறேன்."

"மூணு மாச எழுத்துடா அது!"

"அதனாலதான் இன்னும் ரெண்டு வாரம் குடுக்கறேன்."

முதல் வாரம் முழுக்க அவள் உட்கார்ந்து எழுதியது ஒன்றும் தேறவில்லை. தர்மவானாக ஒரு தளபதியை எழுதினாள். பொம்மை மாதிரி நின்றான். இரக்கமுள்ள ஓர் இளவரசியை எழுதினாள், அவள் அதைவிட மோசம். அந்தப் பக்கம் நின்ற நல்ல மனிதர் யாரையும் எனக்குத் தெரியாதே என்று டானாங்கிடம் புலம்பினாள். அது அப்பட்டமான பொய். ஒருவரைத் தெரியும். இருபத்தொரு வயதுவரை ஒரே வீட்டில் அவர் கையால் சோறு வாங்கித் தின்றிருக்கிறாள்.

அவள் அப்பா சுகிமான், ஓர் அரசாங்க வட்டார அலுவலகத்தில் முப்பது வருடம் குமாஸ்தா. அந்தப் பிரம்படி பட்ட அன்றைக்கு அவள் வந்து பாயில் கிடந்தாள். அவர் சீருடைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். "ஊரே எரியுது, நீ யாருக்கு வேலை பாக்கப் போற? உனக்கு வெக்கமா இல்லை?" என்று கத்தினாள். தோழியிடம் பேசுகிற பேச்சில் பெற்றவரிடம் கத்தினாள். ஜாவாக்காரர் வீட்டில் அது கைநீட்டி அடித்ததற்குச் சமம். அவர் சட்டையைப் போட்டுக்கொண்டு அலுவலகம் திறக்கப் போய்விட்டார். அதற்கப்புறம் இருவரும் மரியாதை குறையாமல்தான் பேசிக்கொண்டார்கள். அந்த நாளைப் பற்றி மட்டும் இருபத்தைந்து வருடமாக ஒருவரும் வாயைத் திறக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அப்பா இருக்கும் பந்துல் ஊருக்கு வண்டியை விட்டாள். சுகிமான் வாசலில் உட்கார்ந்து குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். எழுபத்தேழு வயது. சாயம்போன அலுவலகச் சட்டையை இன்னும் வீட்டில் போட்டுக்கொள்கிறார்.

சர்க்கரைத் தேநீர் இரண்டு டம்ளர் காலியான பிறகுதான் அவளுக்குத் தைரியம் வந்தது.

"அப்பா, வேலை விஷயமா ஒண்ணு கேக்கணும். தப்பா எடுத்துக்காதீங்க. அன்னிக்கு நீங்க ஏன் ஆபீஸ் போனீங்க?"

என்றைக்கு என்று அவர் கேட்கவில்லை. பென்சிலைக் கீழே வைத்தார்.

"சாவி என்கிட்டதானே இருந்துது" என்றார். "ஒரு செங்கல் சூளைக்காரன் வந்தான். பொண்டாட்டிக்குப் பிரசவ வலி, ரெண்டு நாளா. வசதியில்லாதவன்னு நாங்க கடிதம் குடுத்தாத்தான் ஆஸ்பத்திரியில காசில்லாம சேத்துப்பாங்க. எழுதி முத்திரை வெச்சேன். தெருவெல்லாம் டயர் எரியுது, அவன் எப்படிப் போவான்? ஆபீஸ் வண்டியில நானே ஏத்திட்டுப் போனேன். கதவைச் சாத்திட்டு நானும் உங்ககூடக் கத்த வந்திருந்தா, அவன் எங்க போயிருப்பான்?"

"இதை ஏம்ப்பா எங்கிட்ட சொல்லல?"

"நீ கேக்கலையேம்மா."

திரும்பி வரும்போது வண்டியில் அழுதுகொண்டே வந்தாள். எழுதும்போது அழவில்லை. ஆற்றுத்துறையில் ஒரு குமாஸ்தாவை உட்காரவைத்தாள். போர் நெருங்குகிறது, துறையைக் கடக்க அனுமதிச் சீட்டு வேண்டும். அவன் பசியோடு வந்தவனுக்கு எழுதுகிறான், காயம்பட்ட மலைக்காரனுக்கும் எழுதுகிறான். சிப்பாய் வந்து மிரட்டினால், "ஐயா, படிவத்துல எல்லாம் சரியா இருக்கு, நான் என்ன செய்யறது?" என்கிறான். அவன் எழுந்து மலைக்குப் போய்விட்டால் துறை மூடிவிடும். அவ்வளவுதான் அவன் நியாயம்.

டானாங் படித்துவிட்டுக் கிண்டல் எதுவும் செய்யவில்லை. "அக்கா, மலைப் பக்கத்தை எழுதின எனக்கே இந்த ஆளை விட்டுட்டுப் போக மனசு வரல" என்றான்.

சோதனை நாளன்று சுகிமானும் வந்தார். தன்னை எப்படி எழுதியிருக்கிறாள் என்று பார்க்க வேண்டும் என்று அவரே கேட்டார். சட்டைப் பையில் பேனா, காலில் பாலிஷ் போட்ட செருப்பு. கம்பெனியில் எல்லோரும் ஆளுக்கொரு பலகாரத்தை அவர்முன் நீட்டினார்கள். மத்தியானம் மூன்று மணிக்குள் இருபத்தொன்பது பேர் ஆடி முடித்தார்கள். அரசன் பக்கம் ஒன்பது. முப்பதாவது ஆள் மழையில் மாட்டிக்கொண்டு வரமுடியாது என்று செய்தி அனுப்பிவிட்டான்.

பிமோ சுகிமானைப் பார்த்தான். வீடே அவரைப் பார்த்தது.

"பாக்" என்று பெரியவர்களைக் கூப்பிடும் மரியாதையோடு கூப்பிட்டான். "நீங்க உக்காருங்களேன். பொத்தானை டானாங் அமுக்குவான், நீங்க சொன்னாப் போதும்."

"இது முறையா தம்பி? அவ என் பொண்ணாச்சே."

"யார் கேக்கப்போறாங்க? உக்காருங்க."

ரஹாயுவுக்கு அப்பாடா என்றிருந்தது. பத்தாவது ஓட்டு பிறந்தவீட்டுச் சீதனமாக வருகிறது, இனி என்ன கவலை! அவள் அவருக்குப் பின்னால் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அவர் அவசரப்படவில்லை. எதையும் தாண்டிப் போகாமல் ஒவ்வொரு வரியாகப் படித்தார். மலைக்காரர்களிடம் போய் அவர்கள் குறையைக் கேட்டார். தின்னிப்பண்டார மந்திரியைப் பார்த்து, "இந்த மாதிரி ஒருத்தன்கிட்ட நான் ஒம்போது வருஷம் இருந்தேன்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். ஆற்றுத்துறைக்கு வந்ததும் குமாஸ்தாவின் பேச்சை இரண்டு தடவை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"இவன் எல்லாருக்கும் சீட்டு எழுதறான்" என்றார். "நான் அப்படி இல்லை. தையல்கார ஹார்ஜோவோட அடையாள அட்டையில முன்னாள் அரசியல் கைதின்னு குறி போட்டது இந்தக் கைதான். மேலேருந்து சொன்னாங்க, போட்டேன். அவன் பையனுக்குக் கடைசிவரைக்கும் வேலை கிடைக்கல."

ரஹாயுவுக்கு இது தெரியாது. சுகிமான் திரையில் இருந்த குமாஸ்தாவைக் காட்டினார்.

"இவனுக்குப் பொண்ணு எதுவும் இல்லையா?" என்று கேட்டார்.

"எழுதலப்பா."

"எனக்கு இருந்தா. தோள்ல அடிபட்டுக் கிடந்தா. ஒரு டம்ளர் தண்ணி கூட எடுத்துக் குடுக்காம சாவியை எடுத்துக்கிட்டுக் கிளம்பிட்டேன்."

டானாங் பொத்தானில் விரலை வைத்தான். "பாக், எந்தப் பக்கம்?"

"மலைப் பக்கம்."

"ஐயோ பாக்!" என்று பிமோ பதறிப்போய் அருகே வந்தான். "ஒன்பதுதான் ஆகியிருக்கு. நீங்க இப்படிச் சொன்னா அக்கா எழுதினது முழுக்கப் போயிடும். இன்னொரு தடவை யோசிங்க!"

"தெரியும் தம்பி. எண்ணிக்கிட்டுத்தான் உக்காந்திருந்தேன். அவ எழுதினதுல தப்பே இல்லை, அந்த ஆள் நல்லவன்தான். ஆனா நான் அந்தப் பக்கம் முப்பது வருஷம் நின்னாச்சு. இந்த ஒரு தடவை அவகூடப் போறேன்."

டானாங் ரஹாயுவைத் திரும்பிப் பார்த்தான். அவள் தலையாட்டினாள். அவன் அழுத்தினான்.

மூன்று மாத எழுத்து போயிற்று. போனால் போகட்டும் என்றுதான் அவளுக்கு இருந்தது. அத்தனை பேர் பார்க்கிறார்களே என்ற கூச்சமெல்லாம் இல்லாமல், அப்பாவின் தோளில் முகத்தை வைத்துத் தேம்பினாள்.

"இருபத்தஞ்சு வருஷம் லேட்டுப்பா நீங்க."

"அரசாங்க ஆபீஸ்ல எந்தக் காரியம் நேரத்துக்கு நடந்திருக்கு?" என்றார் சுகிமான்.