ஆலிஸ் அண்ணியும் மைனஸ் மூணும்

ஆழ்வார்பேட்டையில ஒரு ஆபீஸ் ரிசப்ஷன்ல எங்க ஆலிஸ் அண்ணிக்கு வேலை. அங்க யார்கிட்டயும் குரலை உசத்தினதில்ல. அங்க கத்தாததையெல்லாம் சேர்த்துவெச்சு, ஞாயித்துக்கிழமை மாதா கோயில் கொயர்ல கத்துவாங்க. வருஷக்கணக்கா பூசைக்கு கீபோர்டு அவங்கதான். திட்டுல பாதி எனக்கு விழும். அவங்க புருஷனோட தங்கச்சி லிசா நான், பக்கத்துல நின்னு பாடறவ.

சின்ன வயசுலேர்ந்தே அண்ணிக்குத் தூரத்துல இருக்கறது தெரியாது. கண்ணாடி மைனஸ் மூணு. ஐம்பதை நெருங்கும்போது, அதே கண்ணாடியோட பாட்டுப் புத்தகத்தைப் பார்த்தா ஸ்வரமெல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிச்சு. கண் டாக்டர் பார்த்துட்டு, "வயசானா வர்றதுதாம்மா. படிக்கறதுக்கு பிளஸ் ரெண்டு சேர்க்கணும்"னு சொல்லி சீட்டு எழுதிக் கொடுத்தார்.

சீட்டை எடுத்துக்கிட்டு கடைக்குப் போயிருக்கணுமில்ல? போகல. நடுவுல கோடு போட்ட கண்ணாடியைத் தலையில கட்டிடுவாங்க, கிழவி மாதிரி இருக்கும்னு பயம். நேரா பாண்டி பஜார் பிளாட்பாரத்துல பிளஸ் ரெண்டுன்னு ஸ்டிக்கர் ஒட்டின ரெடிமேட் கண்ணாடி ஒண்ணு வாங்கிட்டாங்க. வாசிக்கும்போது பழசைக் கழட்டிட்டு இதை மாட்டிக்குவாங்க.

இன்னும் மோசமாச்சு. புத்தகம் மூக்கை இடிச்சாதான் தெரியும், ஸ்டாண்டுல வெச்சா ஒரே புகை. கண்ணு போகுதுன்னு அவங்களே முடிவு பண்ணிட்டாங்க. பாட்டு நடுவுல தடுமாற ஆரம்பிச்சதும் ஃபாதர்கிட்ட போய், "இனிமே டெரன்ஸ் வாசிக்கட்டும்"னு சொல்லிட்டு வந்தாங்க. டெரன்ஸுக்கு முப்பது வயசு, பேங்க்ல வேலை, நல்லாவே வாசிப்பான்.

வெளிய வந்து கேட் பக்கத்துல நின்னு அழுதாங்க. அப்பதான் எனக்கு எல்லாம் தெரியும். வந்துச்சே கோவம்! "கீபோர்டை விடறதுக்கு முன்னாடி கண்ணாடிக் கடைக்குப் போகத் தோணலையா அண்ணி?"ன்னு மந்தைவெளிக்கு இழுத்துட்டுப் போனேன்.

கடையில இருந்த பொண்ணு மஹ்விஷ். டாக்டர் சீட்டைப் பார்த்தா, பிளாட்பாரக் கண்ணாடியைப் பார்த்தா. ஒரு பேப்பர்ல நீளமா கோடு இழுத்தா. நடுவுல பூஜ்யம், வலது பக்கம் பிளஸ், இடது பக்கம் மைனஸ்.

"ஆன்ட்டி, நீங்க நிக்கறது இங்க, மைனஸ் மூணுல. ரெண்டு சேர்க்கணும்னா இங்கேர்ந்து வலது பக்கம் ரெண்டு அடி. எங்க வருது?"

"மைனஸ் ஒண்ணு."

"அதான் உங்களுக்குப் படிக்கற கண்ணாடி. நீங்க பூஜ்யத்துல நிக்கறதா நெனச்சு அங்கேர்ந்து ரெண்டு அடி போயிட்டீங்க. ரெண்டு சேர்க்கற இடத்துல அஞ்சு சேர்த்துட்டீங்க."

"கண்ணாடியே போடாம வாசிச்சா?"ன்னு நான் கேட்டேன்.

"அது பூஜ்யம். மூணு அடி வந்தாச்சு, ஒரு அடி ஜாஸ்தி. குனிஞ்சுதான் வாசிக்கணும்."

சோதனை ஃபிரேம்ல மைனஸ் ஒண்ணு லென்ஸைச் செருகி அண்ணிக்கு மாட்டிவிட்டு, பாட்டுப் புத்தகத்தை ஒரு முழம் தள்ளிப் பிடிச்சா. அண்ணியோட விரல் கண்ணாடி மேஜை மேல வாசிச்சிட்டிருந்துச்சு.

ஞாயித்துக்கிழமை டெரன்ஸ் புதுச் சட்டை போட்டு கீபோர்டு முன்னாடி உக்காந்திருந்தான். அண்ணி புது மைனஸ் ஒண்ணு கண்ணாடியோட போய், "எந்திரிப்பா, எனக்குக் கண்ணு போகல"ன்னாங்க. அவன் மூஞ்சி தொங்கிப்போச்சு. எனக்கே பாவமா இருந்துச்சு. அண்ணி என் காதுல, "பாவம்னு பார்த்தா என் இடம் போயிடும்டி"ன்னாங்க.

பூசை ஆரம்பத்துல பாடற வருகைப் பாட்டு ஒரு பிசிறு இல்ல. சிக்கல் அப்புறம்தான். ஃபாதர் நற்கருணை எடுத்துக்கிட்ட கையோட அடுத்த பாட்டு எடுக்கணும். அதுக்குச் சத்தம் எதுவும் கிடையாது, பார்த்துதான் தெரிஞ்சுக்கணும். அண்ணி நிமிர்ந்து பார்த்தா ஃபாதர் நிக்கற பீடம் வெறும் வெள்ளையா இருந்திருக்கு. மைனஸ் ஒண்ணு புத்தகம் வரைக்கும்தானே! நானோ முழங்கால் போட்டுக் கண்ணை மூடியிருந்தேன்.

சுவரோரமா நின்னுட்டிருந்த டெரன்ஸ் கோவிச்சுக்கிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். போகல. குனிஞ்சு, "இப்போ ஆரம்பிங்க ஆன்ட்டி"ன்னான்.

பூசை முடியற வரைக்கும் அவனை அண்ணி நகரவிடல. முடிஞ்சதும், "அடுத்த வாரம் நீ வாசி. நான் பழைய கண்ணாடியோட பக்கத்துல நின்னு சொல்றேன்"னாங்க.

"நெஜமாவா ஆன்ட்டி?"

"ஒரு வாரந்தான்."