ஸ்டெல்லா அக்காவின் கை

ஸ்டெல்லா அக்காவின் நாற்காலியைப் பறித்தவன் நான்தான். மேனேஜர் அல்ல, நான்!

கீழ் கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரி. பச்சை இலை எடைபோடும் இடத்தில் கணினி முன் இருந்தவர் அவர். விவசாயியின் எண்ணைத் தட்டுவார், பெயர் வரும், எடை ஏறும், அடுத்த ஆள். தட்டிக்கொண்டே, "உங்க ஊட்டுக்காரருக்குக் காய்ச்சல் வுட்டுதுங்களா?" என்று விசாரிக்கவும் செய்வார். அந்தக் கணினிகளைப் பராமரிக்கக் குன்னூரிலிருந்து போய்வந்தவன் நான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே தரவுத்தளத்தைப் புதிய பதிப்புக்கு மாற்றினேன். தரவு ஒன்றும் தொலையவில்லை. ஆனால் எது எவ்வளவு இருக்கிறது, எந்த வழியில் தேடினால் சீக்கிரம் கிடைக்கும் என்று தரவுத்தளம் தனக்கென ஒரு குத்துமதிப்பு வைத்திருக்கும். புள்ளிவிவரம் என்போம். பதிப்பு மாறும்போது அதுவும் கூடவே வந்துவிடும் என்று எங்கோ படித்திருந்தேன். வரும்தான்... நான் நிறுவியதற்கு அடுத்த பதிப்பில்! ஒரே ஒரு கட்டளை கொடுத்திருந்தால் அதுவே புதிதாகச் சேகரித்துக்கொண்டிருக்கும். சரிபார்க்க எனக்கென்ன கேடு? மழை பிடிப்பதற்குள் வீடு சேரும் அவசரம்.

மறுநாள் காலை ஒவ்வொரு எண்ணுக்கும் திரை உறைந்து நின்றது. புதிதாகக் குடிபோன வீட்டில் உப்பு டப்பாவைத் தேடுவதுபோல, ஒவ்வொரு பெயருக்கும் மூலைமுடுக்கெல்லாம் துழாவியது தரவுத்தளம். வெளியே ஜீப்புகள் வரிசை கட்டின. சாக்கில் திணித்த பச்சை இலை காத்திருக்காது, ஐயா! சூடேறும், சிவக்கும், அப்புறம் யாரும் வாங்கமாட்டார்கள்.

"எங்க இலையெல்லாம் வெந்து போச்சுங்க! அந்தம்மாவுக்குப் புதுசு ஓட்டத் தெரியலைன்னா எந்திரிக்கச் சொல்லுங்க!" என்று ஒருவர் கத்த, எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள்.

ஃபோன் வந்ததும் குன்னூரிலிருந்து ஓடிப்போய்ச் சேர்ந்தேன். பார்த்ததுமே புரிந்துவிட்டது... வாயைத் திறக்கவில்லை. உள்ளறைக்குப் போய் அந்தக் கட்டளையைக் கொடுத்தேன். அதே சமயம் வெளியே மேனேஜர், "ஏனுங்க ஸ்டெல்லா, எந்திரிங்க. ஆபீஸ் பொண்ணு உக்காரட்டும்" என்று சொல்லியிருக்கிறார். நான் வெளியே வந்தால், அந்தப் பெண் தட்டத் தட்டப் பெயர்கள் ஓடிவருகின்றன!

"பாத்தீங்களா, ஆளை மாத்துனதும் சரியாப் போச்சு" என்றார் மேனேஜர் என்னிடம்.

நான் தலையாட்டினேன். ஆம், ஆட்டினேன்!

பிழைப்புப் போய்விடும் என்று பயந்தேனா? பயந்தேன். ஆனால் அதற்குப் பிறகு நான் சொன்னதற்கு எந்தப் பயத்தைக் காரணம் காட்டுவேன்?

அக்காவைத் தூள் சலிக்கும் பகுதிக்கு அனுப்பிவிட்டார்கள். அடுத்தமுறை நான் போனபோது வாசலில் வழிமறித்தார்.

"தம்பி, நீங்க சொல்லிக்குடுத்தபடிதான தட்டுனேன்? எங்க தப்புன்னு மட்டும் சொல்லுங்க, பழகிக்கறேன்."

"வயசானா கை மெதுவாகறது சகஜந்தானுங்க அக்கா" என்றேன்.

அடப்பாவி என்கிறீர்கள்... சொல்லுங்கள்! அவர் மட்டும் சொல்லவில்லை. தன் விரல்களையே ஒருமுறை பார்த்துவிட்டு, "ஆமாங்க தம்பி, இருக்கும்" என்று உள்ளே போய்விட்டார்.

அண்மையில் கோத்தகிரி கடைவீதியில் அவரைப் பார்த்தேன். மகளிடம் கைப்பேசியை நீட்டிக்கொண்டிருந்தார். "நீயே நம்பரைப் போட்டுக் குடு கண்ணு, எனக்கு இதெல்லாம் வராது."

"அதெல்லாம் வரும்மா, நீ போடு" என்றாள் மகள்.

என்னைக் கண்டதும் அக்காவின் முகம் மலர்ந்தது. "இந்தத் தம்பியக் கேளு. ஃபேக்டரியில அத்தனை பேரு என்னைத் திட்டறப்ப, இவரு ஒருத்தருதான் உண்மையைப் பக்குவமா எடுத்துச் சொன்னாரு."

மகள் எனக்கு நன்றி சொன்னாள். நான்... வாங்கிக்கொண்டேன்.