மலையை மட்டுமே சுற்றிய கார்

போன வாரம் ஒரு ரப்பர் பட்டையின் முன்னால் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். எங்கள் ஊர் அண்ணாமலையார் கோயில் கோபுரத்தைப் பார்த்தே அப்படி நின்றதில்லை. உள்ளூர்க்காரன் கோபுரத்தை எங்கே நிமிர்ந்து பார்க்கிறான்?

என் காரைப் பற்றி உங்களுக்குத் தெரியும். இந்தப் பக்கத்தில் நான் அடிக்காத தம்பட்டமா? வாங்கி ஏழெட்டு வருஷம் ஆகியும் மீட்டரில் கிலோமீட்டர் ரொம்பக் கம்மி. வீட்டுக்கு யார் வந்தாலும் கார்க் கதவைத் திறந்து மீட்டரைக் காட்டுவேன். பிள்ளையின் ரேங்க் கார்டைக் காட்டுகிற தகப்பன் மாதிரி.

கம்மியாக இருக்காதா பின்னே? அது போவதே ஒரே இடத்துக்குத்தான். மலையைச் சுற்றி.

என் மனைவி சாந்தி ஞாயிறுதோறும் தன் அக்காவுடன் கிரிவலம் போவாள். அவர்கள் முன்னால் நடப்பார்கள். நான் பின்னால் காரில் — ஃபர்ஸ்ட் கியரில், ஊர்ந்து ஊர்ந்து. காருக்குள் அவர்களுடைய செருப்பு, தண்ணீர் கேன், குடை. கால் வலித்தால் அக்காவும். ஒவ்வொரு லிங்கமாக அவர்கள் கும்பிட்டுவிட்டு வரும் வரை இன்ஜினை அணைக்காமல் காத்திருப்பேன். ஏன்? ஏசிதான்! பக்தி உள்ளவர்களுக்கு வெயில் உறைக்காது. எனக்கு நன்றாகவே உறைக்கும்.

"நீங்க நடக்கலையா சார்?" என்று யாராவது கேட்டால், "சக்கரம் நடக்குதே!" என்பேன். புண்ணியத்தில் பாதியாவது என் கணக்கில் வராதா என்ன...

இப்படி இருக்கும்போதுதான் மகள் கவிதாவுக்கு என்ஜினீயரிங் கவுன்சலிங் வந்தது. சென்னையில், ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில். காலையில் முதல் பேட்ச். கூப்பிடும்போது ஆள் இல்லையென்றால் வரிசை நகர்ந்துகொண்டே இருக்கும். அவள் ஆசைப்பட்ட கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட்டும் கூடவே நகர்ந்துவிடும். இரண்டு வருஷமாகத் தூக்கத்தைத் தொலைத்துப் படித்த பெண்.

"பஸ்ல போயிடலாம்ப்பா" என்றாள்.

"வீட்ல காரு இருக்கும்போது பஸ்ஸா?"

"அது மலையைச் சுத்துற காருப்பா. திரும்பாம நேரா போகத் தெரியுமா அதுக்கு?"

சாந்தி சிரித்தாள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "கார்தான்!" என்று அறிவித்தேன். அப்படியானால் காரை மெக்கானிக்கிடம் காட்டிவிட்டுத்தான் ஏறுவேன் என்று கவிதா அடம்பிடித்தாள். கவுன்சலிங்குக்கு முந்தின நாள் காலை மூவருமாக வேங்கிக்கால் பக்கம் ரஹீம் பாய் ஒர்க்ஷாப்புக்குப் போனோம்.

பாய் எங்களுக்குப் பழக்கம். வாய் ஜாஸ்தி. மீட்டரை எட்டிப் பார்த்தார். "இன்னா சார், புது மாப்ள மாதிரி கீது வண்டி! இதுக்கு இன்னா பாக்கறது? ஆயில மாத்திட்டு எடுத்துட்டுப் போங்க."

நான் மகளைப் பார்த்து மீசையைத் தடவினேன்.

அவள் விடவில்லை. "டைமிங் பெல்ட் மாத்தியிருக்கா பாய்? ஃப்ரெண்டோட அப்பா கார் அது அறுந்துதான் நடுரோட்ல நின்னுச்சாம்."

"கிலோமீட்டரே ஓடலையேம்மா! சரி, உன் திருப்திக்குத் தொறக்கறேன்."

பிளாஸ்டிக் மூடியைக் கழற்றினார். டார்ச் அடித்தார். பேச்சு நின்றுவிட்டது. பாய் பேசாமல் இருந்து நான் பார்த்ததே இல்லை.

மெதுவாக பெல்ட்டை உருவி வெளியே எடுத்தார். உள்பக்கம் முழுக்க, தண்ணீர் வற்றிய ஏரி மாதிரி வெடிப்பு. ஓரமெல்லாம் நூல் நூலாகப் பிரிந்திருந்தது. ஓரிடத்தில் பற்கள் பாதியாகத் தேய்ந்திருந்தன. மற்றவை வரிசையாகத் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டிருந்தன.

"சுப்ஹானல்லா..." என்றார் பாய். "இது எப்டி சார் ஓடிச்சு?"

"ஓடவே இல்லையே பாய், மலையைத்தானே..." என்று ஆரம்பித்தேன்.

சாந்தி இடையில் புகுந்தாள். "ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம எங்க பின்னாடியே உருட்டிக்கினு வருவாருங்க பாய். நாங்க சுத்தி முடிக்கிற வரைக்கும் இன்ஜின் ஓடிக்கினேதான் இருக்கும்."

பாய் தலையில் கை வைத்துக்கொண்டார். "போச்சு போங்க! நானும் மீட்டரப் பாத்து ஏமாந்துட்டேனே. மீட்டரு சக்கரத்த எண்ணுது சார். பெல்ட்டு இன்ஜினோட சுத்துது! நீங்க ஒரு தபா மலையச் சுத்தினா, இன்ஜினுக்கு அது மெட்ராஸ் போன மாதிரி. ரப்பருக்கு வயசு வேற ஆவுது. இத்தன ஆயிரம் கிலோமீட்டர், இல்லன்னா இத்தன வருஷம் — எது மொதல்ல வருதோ அப்ப மாத்திடணும். வண்டிக்கு வண்டி மாறும். உங்க வண்டிக்கு வருஷமும் தாண்டிப் போச்சு, இன்ஜின் ஓடின கணக்கும் தாண்டிப் போச்சு."

"அறுந்தா?" என்றாள் கவிதா.

"செஞ்சி தாண்டி வேகமாப் போறப்ப அறுந்துச்சுன்னு வையி... உள்ள வால்வும் பிஸ்டனும் முட்டிக்கும்மா. இன்ஜினே காலி."

 அவள் கவுன்சலிங் கடிதம் இருந்த பையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

நான் அந்தப் பட்டையைக் கையில் வாங்கிப் பார்த்தேன். விரல் அகலம்கூடப் பெரிதாக இல்லை. இதுவா எங்கள் எல்லோரையும் தாங்கியது? நிமிஷத்துக்கு எத்தனை நூறு சுற்று! ஒரு பல் பிசகாமல், இந்த வால்வு இப்போது, அந்த வால்வு அப்போது என்று திறந்து மூடவைத்துக்கொண்டு... நான் ஏசியில் கண்ணயர்ந்திருந்தபோதெல்லாம் அது விழித்துக்கொண்டிருந்திருக்கிறது. சத்தம் போட்டதில்லை. ஒரு சிவப்பு விளக்குகூடக் காட்டியதில்லை. ஹாரனைத் தினமும் துடைத்தவன் நான். இப்படி ஒன்று உள்ளே இருப்பதே எனக்குத் தெரியாது!

உண்மையில் கிரிவலம் வந்தது அதுதான். நான் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

வேலூரிலிருந்து சாயங்காலம் புது பெல்ட் வந்தது. கூடவே அதை இறுக்கிப் பிடிக்கும் உருளையையும் பாய் மாற்றிவிட்டார். மறுநாள் விடியலில் கிளம்பினோம். கீழ்பென்னாத்தூர், செஞ்சி, திண்டிவனம்... ஒவ்வொரு ஊர் தாண்டும்போதும் இன்ஜினுக்குக் காது கொடுத்துக்கொண்டே ஓட்டினேன். 

நேரத்துக்கு முன்பே போய்விட்டோம். கவிதா உள்ளே போனாள். போன முகத்தோடு திரும்பவில்லை — ஒரேயடியாகச் சிரித்துக்கொண்டு வந்தாள். கம்ப்யூட்டர் சயின்ஸ்!

சாந்தி அங்கேயே ஊர்ப் பக்கம் திரும்பிக் கும்பிட்டாள். "எல்லாம் அண்ணாமலையார் செயல். இத்தன வருஷம் அந்த பெல்ட்டு அறுந்துபோவாம அவருதான் புடிச்சிக்கினு இருந்தாரு."

கவிதா என்னைப் பார்த்தாள்.

"அவருக்கும் கை வலிக்கும்ப்பா. இனிமேலாவது நேரத்துக்கு மாத்துங்க!"